கேள்வி யாரிடம் கேட்கப்படுகிறது?

கவிதைக்கும் புதினத்துக்கும் திறனாய்வு எழுதுகிறோம். ஆய்வேட்டுக்கு எழுதுவதில்லை. சமூகப்பணித் துறை மாணவரின் ஆய்வேடு, அரசின் கணக்கெடுப்பு அறிக்கை, தொண்டு நிறுவனத்தின் ஆண்டறிக்கை ஆகியவை பட்டத்துக்காகவோ கோப்புக்காகவோ நிதிக்காகவோ எழுதப்படுவன. அவற்றை மொழி என்றும் நடை என்றும் யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிடுகிறோம். ஆயினும் ஊனமுற்ற ஏழை ஒருவரைப் பற்றி நம் நாட்டில் எழுதப்படும் சொற்களுள் பெரும்பகுதி இத்தகைய ஏடுகளில்தான் உள்ளது. சிறுகதையில் அவர் எப்போதாவது தலைகாட்டுகிறார். அங்கும் பெரும்பாலும் பிறருடைய இரக்கத்தை அளக்கும் கருவியாகவே வருகிறார். ஆய்வேட்டிலோ ஆண்டுதோறும் வருகிறார். அங்கே அவர் எவ்வாறு எழுதப்படுகிறார், யாருடைய வாய்மொழி வழியாக எழுதப்படுகிறார் என்பதைச் சற்று நின்று நோக்குவது தகும் என எண்ணுகிறோம்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. குருடர், செவிடர், முடவர் எனும் பழஞ்சொற்கள் நம் காலத்தில் 'ஊனமுற்றோர்' ஆயின. கலைஞர் மு. கருணாநிதி முதலமைச்சராயிருந்த 2006–2011 ஆட்சிக்காலத்தில் 'மாற்றுத்திறனாளிகள்' எனும் சொல் அரசாணைகளில் இடம்பெற்றது. 2015ஆம் ஆண்டின் இறுதியில் பிரதமர் நரேந்திர மோடி வானொலி உரையொன்றில் தெய்வீக உறுப்புடையோர் எனும் பொருள்பட 'திவ்யாங்' என்ற சொல்லை முன்மொழிந்தார். சொற்கள் மேலும் மேலும் மெருகேறுகின்றன. வாழ்வும் அவ்வாறே ஏறியதா என்பது வேறு வினா. இக்கட்டுரையில் ஆளைக் குறிக்க மாற்றுத்திறனாளி என்றும், நிலையைக் குறிக்க ஊனம் என்றும் இரண்டையுமே கையாளுகிறோம்.

சமூகப்பணித் துறை ஆய்வேடுகள் பலவற்றைக் கடந்த சில ஆண்டுகளில் படிக்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. பங்கிலுள்ள இளைஞர் சிலர் அத்துறையில் பயில்வதால் அவர்தம் ஏடுகள் நம் மேசைக்கும் வந்துவிடுகின்றன. அவற்றின் அமைப்பு ஏறத்தாழ மாறாதது. முதல் இயலில் உலகளாவிய வரையறைகள். இரண்டாம் இயலில் முன்னோர் ஆய்வுகள். மூன்றாவதில் ஆய்வு முறை. நான்காவதில் அட்டவணைகள்: வயது, பால், சமயம், சாதி, கல்வி, மாத வருமானம், வீட்டின் கூரை. ஒவ்வோர் அட்டவணையின் கீழும், மேலே எண்ணில் கண்டதை எழுத்தில் மீண்டும் கூறும் ஒரு பத்தி. ஐந்தாம் இயலில் பரிந்துரைகள். அரசு விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும், தொண்டு நிறுவனங்கள் முன்வர வேண்டும், சமுதாயம் மனப்பான்மையை மாற்றிக்கொள்ள வேண்டும். இப்பரிந்துரைகளை ஓர் ஏட்டிலிருந்து பிய்த்து இன்னோர் ஏட்டில் ஒட்டினும் எவரும் அறியார். மாணவரைக் குறைகூற நமக்கு மனமில்லை. வழிகாட்டும் ஆசிரியரும் தேர்வாளரும் எதிர்பார்ப்பதையே அவர்கள் எழுதுகிறார்கள்.

ஆயின் ஒரு சொல் நம்மை உறுத்துகிறது. 'பதிலளித்தோர்' என்பதே அது. பதிலளித்தோருள் இத்தனை விழுக்காட்டினர் பிறவியிலேயே ஊனமுற்றோர் என எழுதப்பட்டிருக்கும். மூன்றாம் இயலுக்குத் திரும்பிப் பார்த்தால், வினாநிரலுக்கு விடையளித்தவர் குடும்பத் தலைவர் அல்லது தாய் என்று ஒரு வரி இருக்கும். ஆக, பேசியவர் ஒருவர், பேசப்பட்டவர் மற்றொருவர். அட்டவணையில் இருவரும் ஒருவராகி விடுகின்றனர். ஊனம் மகனுடையது, விடை தந்தையுடையது, விழுக்காடு யாருடையது? புதினமொன்றில் கதைசொல்லி யார் எனும் குழப்பம் நேர்ந்தால் திறனாய்வாளர் விடமாட்டார். இங்கே எவரும் கேட்பதில்லை.

புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி செல்லும் சாலையில் உள்ளது வல்லத்திராக்கோட்டை. ஆலங்குடி வட்டத்தைச் சார்ந்த ஊர். சுற்றிலும் வானம் பார்த்த நிலங்கள், கண்மாயை நம்பிய வயல்கள், தைலமரக் காடுகள். சில ஆண்டுகளுக்கு முன் கல்லூரி மாணவர் இருவர் வினாநிரலோடு இப்பகுதிக்கு வந்து, வீடுகளைக் காட்டுமாறு கேட்டனர், உடன் சென்றோம். பணிவான பிள்ளைகள். ஒரு வீட்டில் முதியவர் ஒருவரை நாற்காலியில் அமர்த்தி, அவருடைய மகனைப் பற்றி முக்கால் மணி நேரம் கேட்டார்கள். மகனுக்கு வயது ஐம்பதை நெருங்கும். இளமையில் வந்த இளம்பிள்ளை வாதத்தால் இரு கால்களும் சூம்பியவர். நான்கு முழத் தொலைவில், அதே திண்ணையில், மிதிவண்டிக் குழாய்க்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். அன்றாடக் கடமைகளைத் தாமே செய்கிறாரா, கோபப்படுகிறாரா, திருமணத்தில் நாட்டம் உண்டா என்றெல்லாம் கேள்விகள் தந்தையை நோக்கிப் போயின. அவர் தலையை நிமிர்த்தவில்லை. பிள்ளைகள் நன்றி கூறி அடுத்த வீட்டுக்கு நகர்ந்த பின்னர் நம்மைப் பார்த்துச் சிரித்தார்.

"எல்லாத்தையும் கேட்டாக சாமி. டவுனுக்கு எத்தன தடவ போயிட்டு வந்தேன்னு மட்டும் கேக்கலையே" என்றார்.

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?" என்றோம்.

"சர்டிபிகேட்டுக்கு மூணு தடவ. தம்பி கூட வரணும், அவனுக்கு அன்னிக்குக் கூலி போச்சு. பஸ்ஸுல தூக்கி ஏத்தணும். டாக்டரு அன்னிக்கு வரலைன்னா சும்மா திரும்பணும். அந்தக் கணக்க எழுதியிருந்தாகன்னா புள்ளைகளுக்கு மார்க்காச்சும் கூட விழுந்திருக்கும் சாமி."

அவர் கேட்ட அந்தக் கணக்கை எழுதிய நூல் ஒன்று உண்டு. சூசன் எர்ப், பார்பரா ஹாரிஸ்-ஒயிட் ஆகிய இருவர் ஆங்கிலத்தில் எழுதி, 2002இல் பெங்களூரில் வெளிவந்தது. சமூக நலத்தினின்று விலக்கப்பட்டோர் எனப் பொருள்படும் தலைப்பு. தென்னிந்தியச் சிற்றூர்களில் வயதுவந்தோரின் ஊனமும் இயலாமையும் பற்றியது. ஹாரிஸ்-ஒயிட் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்தவர். 1970களிலிருந்தே ஆரணி வட்டாரத்தின் ஊர்களையும் சந்தைகளையும் ஆய்ந்து வருபவர். வட தமிழ்நாட்டின் மூன்று சிற்றூர்களில் நடந்த இந்த ஆய்வில், ஊனம் ஒரு குடும்பத்துக்கு என்ன செலவு வைக்கிறது எனும் வினா மூன்றாகப் பகுக்கப்படுகிறது. மருத்துவம், கருவி, பயணம் ஆகியவற்றுக்கு நேரடியாகக் கொடுக்கும் பணம் ஒன்று. கவனித்துக்கொள்பவர் இழக்கும் நேரமும் உழைப்பும் இரண்டு. ஊனமுற்றவரே ஈட்டியிருக்கக்கூடிய, ஆனால் ஈட்ட இயலாமற்போன வருமானம் மூன்று. நேரடிச் செலவு மட்டும் மூன்று நாள் கூலியிலிருந்து இரண்டு ஆண்டுக் கூலி வரை வேறுபட்டது. சராசரி, இரண்டு மாத வேளாண் கூலி.

இந்த எண்ணை வாசகர்கள் சற்று நிறுத்திப் படிக்க வேண்டுகிறோம். நூலாசிரியர்கள் ரூபாயில் சொல்லி விட்டிருந்தால் பத்தாண்டுகளில் அது பழங்கணக்காகியிருக்கும். கூலி நாளில் சொன்னதால் இன்றும் நமக்குப் புரிகிறது. நடவுக்கும் களைக்கும் செல்லும் ஒருத்தி அறுபது நாள் உழைப்பைப் பிள்ளையின் காலுக்காகக் கொடுத்தாள் என்றால், அந்த அறுபது நாளில் வட்டிக்கு வாங்கியது எவ்வளவு, விற்ற ஆடு எத்தனை, பள்ளியை விட்டு நின்ற அக்காள் யார் என்பதை வாசிப்பவரே தொடர்ந்து எண்ணிக்கொள்ளலாம். அளவுகோலைத் தேர்வதே நல்ல உரைநடையின் பாதி வேலை. திண்ணையில் இருந்தவர் 'தம்பிக்குக் கூலி போச்சு' என்று கூறியதும் இரண்டாம் வகைச் செலவேயாகும். பொருளாதாரம் கற்ற இருவர் நூலில் பகுத்ததை அவர் குழாயைத் தேய்த்துக்கொண்டே பகுத்துவிட்டார்.

இந்நூலிலும் நமக்கு ஒரு மனக்குறை உண்டு. வயதுவந்தோர் பற்றிய நூலாதலால் உழைப்பை இழத்தலே அதன் மையம். வயலில் கூலி வாங்கியவர் வாங்காமற் போனால் இழப்பு கண்ணுக்குத் தெரிகிறது. கூலியே இல்லாத அடுப்படியில் இரு கண்ணும் மங்கிய மாமியார் புகையோடு போராடினால், அதற்கு எந்த நாட்கூலியை வைத்து அளப்பது? சோறு வெந்துவிடுகிறதே, எனவே அவளுக்கு ஊனம் ஏது என்று வீடே சொல்லும். பெண்ணின் ஊனத்தைக் கூலிக் கணக்கால் முழுதும் பிடித்துவிட முடியாது. இது ஆசிரியர்கள் அறியாததன்று. அளவுகோலின் எல்லை அது.

இனி, மாணவ ஏடுகளில் நம்மைப் பெரிதும் கலங்கச் செய்வதற்கு வருவோம். ஆய்வுக்குரிய ஐம்பது அறுபது பேரை எங்கிருந்து எடுக்கிறார்கள்? பெரும்பாலும் அரசு அலுவலகத்தின் பதிவேட்டிலிருந்து, அல்லது ஒரு தொண்டு நிறுவனத்தின் பயனாளிகள் பட்டியலிலிருந்து. அடையாள அட்டை பெற்றோர் பட்டியலை வாங்கி, அவர்களிடம் அரசுத் திட்டங்கள் தெரியுமா என்று கேட்டால், தெரியும் என்பவரே மிகுதியாயிருப்பர். வியப்பென்ன? தெரிந்ததால்தானே பட்டியலில் சேர்ந்தார்கள். வலையில் விழுந்த மீனை எண்ணிவிட்டுக் குளத்தில் வேறு மீனே இல்லை என்று கூறுவது போன்றது இது. பட்டியலுக்கு வெளியே நிற்பவருக்கே ஆய்வு மிகவும் தேவை; ஆய்வு முறையோ அவரை முதற்பக்கத்திலேயே விலக்கிவிடுகிறது.

பட்டியலில் சேர்வதும் எளிதன்று. 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகை ஊனங்களை ஏற்றது. அதற்கு மாற்றாக வந்த 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளை ஏற்கிறது. தொழுநோயிலிருந்து குணமானவர் முன்பே இருந்தார். அமிலத் தாக்குதலுக்கு உள்ளானவர், பார்க்கின்சன் நோயுற்றவர், தலசீமியா உடையவர் எனப் பலர் புதிதாய்ச் சேர்ந்தனர். இது பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் இரண்டு சட்டங்களிலும் 40 விழுக்காடு எனும் வாயில் உண்டு. நடுவண் அரசு 2009இல் தொடங்கிய ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்கோ வறுமைக் கோட்டின் கீழ் இருப்பதோடு 80 விழுக்காடு ஊனமும் வேண்டும். மனித உடலை நூறு பங்காக்கி, எண்பதாம் பங்கில் ஒரு கோடு கிழிக்கிறோம். எழுபத்தைந்தில் நின்றவர் பேருந்துக் கட்டணத்தோடு வீடு திரும்புகிறார். அளவீடு இன்றி அரசு இயங்காது என்பதை நாம் அறிவோம். ஆயினும் ஆய்வேடு எழுதுபவர் இந்த விழுக்காட்டை இயற்கையாய் அமைந்த ஒன்றைப்போல் எடுத்தாளுவதுதான் வருத்தமளிக்கிறது. அதே காலுடன் புதுக்கோட்டை நகரில் ஒரு கடை வைத்திருப்பவரும், தைலமரக் காட்டை ஒட்டிய குடிசையில் தண்ணீர்க் குழாய்க்கு ஒரு பர்லாங்கு போகவேண்டியவரும் மருத்துவர் முன் ஒரே எண்ணைப் பெறுவர்.

நாட்டின் மிகப்பெரிய ஆய்வேடு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அதை ஓர் உரையாகப் படிப்பது சுவையான பயிற்சி. ஆங்கிலேயர் காலத்தில் 1872 முதல் 1931 வரை பார்வையின்மை, செவிப்புலன் இன்மை, மனநோய், தொழுநோய் ஆகியவை எண்ணப்பட்டன. பிறகு ஐம்பதாண்டுகள் மௌனம். ஐக்கிய நாடுகள் அவையின் ஊனமுற்றோர் ஆண்டான 1981இல் கேள்வி திரும்ப வந்தது. அதுவும் முற்றிலும் பார்வையற்றவர், முற்றிலும் முடமானவர், முற்றிலும் ஊமையானவர் என மூன்றே. 'முற்றிலும்' எனும் சொல்லுக்குள் அடங்காதவர் எவரும் இல்லை என்றாயிற்று. 1991இல் கேள்வி மீண்டும் மறைந்தது. 2001இல் மாற்றுத்திறனாளிகளின் இயக்கங்கள் போராடிப் பெற்றதன் பயனாய்த் திரும்பியது.

தமிழ்நாட்டின் கணக்கு இதோ. 2001இல் மாநிலத்தில் ஊனமுற்றோர் 16,42,497 பேர். 2011இல் 11,79,963 பேர். பத்தாண்டுகளில் நாலரை இலட்சம் பேருக்கு மேல் காணாமற் போயினர். அவர்களெல்லாரும் நலம் பெற்றனரா? பிரித்துப் பார்த்தால் உண்மை வெளிப்படும். 2001இல் பார்வைக் குறைபாடு உடையோர் 9,64,063. 2011இல் 1,27,405. ஒரு மாநிலமே கண் திறந்தது போன்ற புதுமை! இதே பத்தாண்டில் செவிக் குறைபாடு உடையோரோ 72,636இலிருந்து 2,20,241 ஆகினர். கண் திறந்த வேகத்தில் காது அடைத்ததா? நிகழ்ந்தது யாதெனில், வரையறை மாறிற்று. 2001இல் ஒரு கண்ணில் மட்டும் நல்ல பார்வை உடையவரும் பார்வைக் குறைபாடு உடையவராகக் கொள்ளப்பட்டார். 2011இல் அவ்வாறு கொள்ளப்படவில்லை. இது ஒரு காரணம். கேள்வியும் வகைகளும் வேறு பல இடங்களிலும் திருத்தப்பட்டன. 2001இல் ஐந்தாக இருந்த வகைகள் 2011இல் எட்டாயின. அவற்றுள் 'வேறு ஏதேனும்' என்பதும் ஒன்று. அப்பெயரற்ற அறைக்குள் தமிழ்நாட்டில் 2,38,392 பேர் அமர்ந்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. 2001இல் ஊனமுற்றோருள் ஆண்களைவிடப் பெண்கள் மிகுந்திருந்த ஒரே மாநிலம் தமிழ்நாடு. 2011இலோ ஆண்கள் 6,57,418, பெண்கள் 5,22,545. மங்கிய கண்ணோடு அடுப்பூதும் மூதாட்டி ஒருமுறை கணக்கில் வந்தாள். மறுமுறை கேள்வியின் சொற்கள் மாறியபோது வெளியேறினாள் என்றே நாம் ஊகிக்கிறோம். அவளுடைய கண்ணில் ஏதும் மாறவில்லை.

2011ஆம் ஆண்டுப் படிவத்தின் ஒன்பதாம் கேள்வி, இந்நபர் மனத்தாலோ உடலாலோ ஊனமுற்றவரா என்பதே. வாசலில் நின்று, பக்கத்து வீட்டார் காதுபட, மணமாக வேண்டிய மகளுள்ள தாயிடம் இக்கேள்வியைக் கேட்டால் என்ன விடை வரும்? உலக நலவாழ்வு நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கை, உலக மக்களில் ஏறத்தாழ 16 விழுக்காட்டினர் குறிப்பிடத்தக்க ஊனத்தோடு வாழ்வதாகக் கணிக்கிறது. இந்தியக் கணக்கெடுப்போ 2011இல் 2.21 விழுக்காடு என்றது. இவ்விரண்டுக்கும் இடையிலான பள்ளத்தை நம் மக்களின் உடல்வலிமையால் விளக்க இயலாது. ஐக்கிய நாடுகள் அவையின் புள்ளியியல் ஆணையத்தின் கீழ் 2001இல் அமைந்த வாஷிங்டன் குழு வேறொரு வழியைக் கண்டது. அதன் குறு வினாநிரலில் ஊனம் எனும் சொல்லே கிடையாது. பார்ப்பதில், கேட்பதில், நடப்பதில், நினைவில் கொள்வதில், தன்னைப் பேணிக்கொள்வதில், பிறரோடு பேசிப் புரிந்துகொள்வதில் சிரமம் உண்டா. உண்டெனில் கொஞ்சமா, மிகுதியா, முற்றிலும் இயலாதா என ஆறு கேள்விகள் மட்டுமே. 'ஆமாங்க, படி ஏற ரொம்பச் சிரமம்' என்று சொல்ல எவரும் கூசுவதில்லை. பெயர்ச்சொல்லை விட்டு வினைச்சொல்லால் கேட்ட அளவிலேயே வாய் திறக்கிறது. இலக்கணம் கற்பிப்போர் இதை ஓர் எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி யாருக்காகக் கேட்கப்படுகிறது எனும் சிக்கலை அதன் அடிவரை கொண்டுசென்ற நிகழ்ச்சியொன்று இங்கிலாந்தில் நடந்தது. கத்தோலிக்கராக மாறிய விமானப்படை வீரர் லெனார்டு செஷயர் 1948இல் ஹாம்ப்ஷயர் பகுதியில் லே கோர்ட் எனும் இல்லத்தைத் தொடங்கினார். இந்தியாவிலும் 1950களிலிருந்து செஷயர் இல்லங்கள் நடைபெறுகின்றன. லே கோர்ட்டில் வாழ்ந்தவர்களுள் பால் ஹண்ட் ஒருவர். தசைநலிவு நோயால் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். எப்போது உறங்குவது, எங்கே போவது என்பவற்றையெல்லாம் நிர்வாகமே முடிவு செய்ததை எதிர்த்து இல்லத்தவர் 1960களில் போராடினர். ஆராய்ச்சியாளர் வந்து பார்த்தால் தம் பக்கத்து நியாயம் வெளிவரும் என நம்பி, டாவிஸ்டாக் நிறுவனத்தாரை வரவழைத்தவர்களும் அவர்களே. எரிக் மில்லர், ஜெரால்டின் குவின் எனும் இருவர் ஆய்ந்தனர். 1972இல் நூல் வந்தது. இல்லத்தில் சேர்க்கப்பட்டோர் சமூகத்தில் இறந்தவர்களே. அந்தச் சமூக இறப்புக்கும் உடலின் இறப்புக்கும் இடைப்பட்ட காலத்தை நடத்திவைப்பதே இத்தகைய இல்லங்களின் பணி எனும் பொருள்பட அவர்கள் எழுதினர். நடுநிலை எனும் பெயரால் நிர்வாகத்துக்கு மேலும் திறமையான நிர்வாகத்தைப் பரிந்துரைத்து முடித்தனர்.

உதவிக்கு அழைத்தவர்களே இறந்தவர்களாக எழுதப்பட்டதைக் கண்ட ஹண்ட், அதே 1972இல் நாளிதழொன்றுக்கு எழுதிய மடலில் மாற்றுத்திறனாளிகள் தமக்கென ஒரு சங்கம் அமைக்க அழைப்பு விடுத்தார். அந்நூலுக்கு அவர் எழுதிய மறுப்புரை, 1979இல் அவர் இறந்த பின் 1981இல் வெளியாயிற்று. ஆராய்ச்சியாளரை ஒட்டுண்ணிகள் எனத் தலைப்பிலேயே சாடும் கட்டுரை அது. சொல் கடுமையானதே. நம் போன்றோர் அத்தகைய சொல்லைக் கையாளத் தயங்குவோம். எனினும் அவருடைய வாதம் கூர்மையானது: ஒடுக்குபவருக்கும் ஒடுக்கப்படுபவருக்கும் நடுவே நின்று பார்ப்பதாகச் சொல்லும் ஆய்வாளர், தம் தொழிலையும் பதவியையும் பேணித் தரும் பக்கத்திலேயே முன்னதாக நின்றுவிட்டார் என்பது. திறனாய்வு எனும் சொல்லுக்குத் தகுதியான எழுத்து இதுவே. ஆய்வுக்குள்ளானவர் ஆய்வேட்டைப் படித்து மதிப்புரை எழுதிய அரிய நிகழ்ச்சி. நம் ஊர் ஏடுகளுக்கு அத்தகைய மதிப்புரை வாராததற்கு, அவை ஆங்கிலத்தில் எழுதப்பட்டுக் கல்லூரி நூலகத்தில் பூட்டப்படுவதே முதற் காரணம்.

ஹண்டுக்குப் பின் வந்த மைக்கேல் ஆலிவர், தாமும் சக்கர நாற்காலியில் இயங்கிய பேராசிரியர், 1990இல் எழுதிய நூலில் அரசுக் கணக்கெடுப்பின் கேள்விகளை ஒவ்வொன்றாய்ப் புரட்டிக் காட்டினார். உடலில் உள்ள குறையைத் தேடிய கேள்விகள், அவர் கையில் கட்டடத்திலும் ஊர்தியிலும் பழக்கத்திலும் உள்ள குறையைத் தேடத் தொடங்கின. அந்த விளையாட்டை நம் பகுதியிலும் ஆடிப் பார்க்கலாம். பேருந்தில் ஏற உங்களால் இயலுமா என்பதற்கு மாறாக, அறந்தாங்கிப் பேருந்தின் முதற்படி தரையிலிருந்து எத்தனை சாண் உயரம் என்று கேளுங்கள். கோவிலுக்கு வருவீர்களா என்பதற்கு மாறாக, கோவிலின் முகப்பில் எத்தனை படிகள், சாய்தளம் உண்டா என்று கேளுங்கள். இக்கடைசிக் கேள்வி பங்குக்குருக்களாகிய நம்மிடமே வந்து நிற்கும் என்பதும் தெரிந்ததே.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். அது நியாயமான மறுப்பு. பேச இயலாதவரிடம் எவ்வாறு கேட்பது? அறிவுத்திறன் வளர்ச்சி குன்றியவர், கடும் மனநோயுற்றவர் ஆகியோருக்காகப் பெற்றோர் பேசுவதன்றி வேறு வழி யாது? இதற்கு எளிய விடை ஏதும் நம்மிடம் இல்லை. ஆனால் நமக்கு அண்டை மாவட்டமான இராமநாதபுரத்தில் ஏர்வாடி உள்ளது. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் அதிகாலை, அங்கே காப்பகமொன்றில் மூண்ட தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் இறந்தனர். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தை அடிப்படையாகக் கொண்ட கணக்கெடுப்பில்தான் தமிழ்நாட்டில் மனக் குறைபாடு உடையோர் 1,27,521 எனப் பதிவாயினர். எண்ணிக்கையில் இடம்பெறுவது ஒருவரைக் காப்பாற்றாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா. அவர்களுக்காகப் பேசும் உரிமை பெற்றிருந்தோர் அவர்களைக் கொண்டுபோய் அங்கே விட்டிருந்தனர். அவ்வுரிமையின் பேரிலேயே சங்கிலியும் பூட்டப்பட்டது. ஆகவே பிறர் வாயால் விடை பெறும் ஆய்வாளர், குறைந்தபட்சம் அதை ஏட்டில் வெளிப்படையாய் எழுதலாம். சொன்னவர் யார், அவருக்கு இதில் என்ன சுமை, என்ன ஆதாயம் என்று குறிக்கலாம். ஒரு நாள் வந்து போகாமல் நான்கு நாள் உடனிருந்து, சொல்லால் வராத விடையைக் கண்ணால் காணலாம். யோவான் நற்செய்தியில் பிறவியிலேயே பார்வையற்றிருந்தவரைப் பற்றி பரிசேயர் பெற்றோரைத் துருவும் பகுதியை வாசகர்கள் அறிவர். பெற்றோர் அச்சத்தால் நழுவி, அவன் வயதுவந்தவன், அவனையே கேளுங்கள் என்னும் பொருள்பட விடை கூறினர். அச்சத்தில் பிறந்த விடைதான். ஆயினும் ஆய்வு முறை நூல்களின் முகப்பில் வைக்கத்தக்க அறிவுரை.

புதுக்கோட்டை மாவட்டத்துக்கு இதில் ஒரு முன்மாதிரியும் உண்டு. 1991–92இல் அறிவொளி இயக்கம் இங்கு நடந்தபோது, எழுத்தறியாதவர் யார் யார் என வீடுவீடாகக் கேட்டவர்கள் அந்தந்த ஊர் இளைஞரும் பெண்களுமே. கேட்டவரே மாலையில் அரிக்கேன் விளக்கோடு திரும்பி வந்து கற்பித்தார். கேள்விக்கும் அதன் பயனுக்கும் இடையே ஒரு தெருவின் தொலைவே இருந்தது. பெண்கள் மிதிவண்டி கற்றுக்கொண்ட செய்தியால் அவ்வியக்கம் பெயர் பெற்றது. அதன் கணக்கெடுப்பு முறையும் நினைக்கத்தக்கது. உலக வங்கியின் கடனுதவியோடு 2022இல் ஒப்புதல் பெற்ற தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தின் பணிகளுள் மாற்றுத்திறனாளிகளை வீடுதோறும் கண்டறிவதும் ஒன்று. அதில் திரட்டப்படும் விவரம் அந்தந்த ஊராட்சியிலேயே படித்துக் காட்டப்பட்டால் அறிவொளியின் வழி தொடரும்.

2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போயிற்று. 2027 மார்ச்சு 1ஆம் நாளை அடிப்படையாகக் கொண்டு அது நடைபெறும் என அரசு 2025இல் அறிவித்தது. படிவத்தைச் சுமந்து செல்வோர் வழக்கம்போல் பெரும்பாலும் பள்ளி ஆசிரியர்களாகவே இருப்பர். இவ்விதழின் வாசகர்களுள் ஆசிரியர்கள் பலர். ஊனம் பற்றிய கேள்வி வரும்போது, அது குறிக்கும் ஆள் வீட்டிலேயே இருந்தால் அவரை அழைத்து அவரிடமே கேட்பதற்குக் கூடுதலாக இரண்டு நிமிடங்கள் ஆகும். கணக்கெடுப்பாளர் பயிற்சி வகுப்பில் இதை எழுந்து கேட்டுத் தெளிவு பெற்றுக்கொள்ளுமாறும், வகுப்பில் கிடைக்கும் விடையை நம் இதழுக்கு எழுதியனுப்புமாறும் ஆசிரிய வாசகர்களை வேண்டுகிறோம்.